ஒரே மண், இரண்டு ஆய்வகம்: மணிச்சத்து 3 என்கிறது ஒன்று, 14 என்கிறது மற்றொன்று

வரப்போரம்:
வணக்கம். ஒரே வயலில் பதினைந்து இடத்தில் மண் எடுத்து, நன்றாகக் கலந்து, நிழலில் உலர்த்தி, இரண்டு பொட்டலமாகக் கட்டி இரண்டு ஆய்வகங்களுக்குக் கொடுத்தேன். பி.எச் 8.2 என்று ஒன்றில், 8.3 என்று இன்னொன்றில். சாம்பல் சத்தும் (பொட்டாசியம்) கிட்டத்தட்ட ஒன்றுதான். மணிச்சத்தில் (பாஸ்பரஸ்) மட்டும் முதல் ஆய்வகம் 3 பிபிஎம் (கிலோ மண்ணுக்கு 3 மில்லிகிராம்) போட்டு "மிகக் குறைவு" என்று எழுதியிருக்கிறது. இரண்டாவது 14 பிபிஎம் போட்டு "போதுமானது" என்கிறது. நாலரை மடங்கு வித்தியாசம். யாரோ ஒருவர் தப்பாகச் செய்திருக்கவேண்டும். யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அடியுரத்தை இந்த ஒரு எண்ணை வைத்துத்தான் முடிவு செய்யப்போகிறேன்.

இளவேர்:
அறிக்கையில் எந்த முறையில் சோதித்தார்கள் என்று எங்காவது போட்டிருக்கிறதா? அடிக்குறிப்பையும் பாருங்கள்.

வரப்போரம்:
முதல் தாளில் "பிரே 1" என்று சின்ன எழுத்தில் இருக்கிறது. இரண்டாவதில் ஒன்றுமே இல்லை. இப்போதுதான் அழைத்துக் கேட்டேன், ஓல்சன் முறை என்றார்கள்.

சோதனைக்குழாய்:
அப்படியானால் இரண்டு பேருமே எண்ணைச் சரியாகத்தான் எடுத்திருக்கிறார்கள். முதல் ஆய்வகம் உங்கள் மண்ணுக்குப் பொருந்தாத கேள்வியைக் கேட்டிருக்கிறது, அவ்வளவுதான். இருபது வருடத்துக்கு மேல் ஆய்வக மேசையில் நிற்கிறேன், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மண்ணில் இருக்கும் மொத்த மணிச்சத்தை யாரும் அளப்பதில்லை. அதில் பெரும்பகுதி வேருக்கு எட்டாமல் பூட்டிக் கிடப்பது. ஒரு கரைசலை மண்ணோடு சேர்த்துக் குறிப்பிட்ட நேரம் குலுக்கி, அது எவ்வளவு மணிச்சத்தை இழுத்துக்கொண்டு வருகிறது என்று வடிகட்டிப் பார்க்கிறோம். எந்தக் கரைசல் என்பதைப் பொறுத்து எது கரைகிறது என்பதும் மாறும்.

பிரே 1 கரைசலை பிரேயும் குர்ட்ஸும் 1945-இல் வெளியிட்டார்கள். 0.03 நார்மல் அமோனியம் ஃபுளோரைடு, 0.025 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலம் (நார்மல், மோலார் இரண்டும் கரைசலின் செறிவைச் சொல்லும் அலகுகள்). ஃபுளோரைடு அலுமினியத்தைப் பிடித்துக்கொள்ளும். அலுமினியத்தோடு ஒட்டியிருந்த மணிச்சத்து விடுபடும். அமில மண்ணில் மணிச்சத்து பெரும்பாலும் அலுமினியத்தோடும் இரும்போடும்தான் கட்டுண்டிருக்கும் என்பதால் அங்கே இது அருமையாக வேலை செய்யும்.

உங்கள் மண்ணில் பி.எச் 8.2. சுண்ணாம்பு கட்டாயம் இருக்கும். இந்தக் கணக்கைப் பாருங்கள்: 1 கிராம் மண்ணுக்கு 10 மி.லி. கரைசல். அதில் உள்ள அமிலம் 0.25 மில்லி சமானம் (வினைபுரியும் அளவைச் சொல்லும் அலகு). 1 மில்லி சமானம் அமிலம் 50 மில்லிகிராம் சுண்ணாம்பைத் தின்னும். அப்படியானால் 12.5 மில்லிகிராம் சுண்ணாம்பிலேயே அமிலம் முழுவதும் தீர்ந்துபோகிறது. அதாவது மண்ணில் நுண்ணிய சுண்ணாம்பு ஒன்றேகால் சதவீதம் இருந்தாலே குடுவைக்குள் பிரே கரைசல் செத்துவிடும். போதாக்குறைக்கு, கரைந்து வரும் கால்சியமானது ஃபுளோரைடையும் பிடித்துக் கால்சியம் ஃபுளோரைடாக்கி வீழ்த்திவிடும். அமிலமும் போச்சு, ஃபுளோரைடும் போச்சு. உங்களுக்கு வந்த 3 அப்படி வந்த 3.

ஓல்சனும் கூட்டாளிகளும் 1954-இல் கொண்டுவந்தது சுண்ணாம்பு மண்ணை மனத்தில் வைத்துத்தான். 0.5 மோலார் சோடியம் பைகார்பனேட், பி.எச் 8.5, 1 பங்கு மண்ணுக்கு 20 பங்கு கரைசல், 30 நிமிடக் குலுக்கல். கரைசலில் உள்ள கார்பனேட் கால்சியத்தைப் பிடித்து வீழ்த்துகிறது. பிடித்துக்கொள்ள கால்சியம் இல்லாததால் மணிச்சத்து கரைந்து வெளியே வருகிறது. இங்கே சுண்ணாம்பால் கரைசலைக் கெடுக்க முடியாது.

ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். மீதி மண்ணில் ஒரு சிட்டிகை எடுத்து நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் சொட்டுங்கள். நுரைத்துப் பொங்கினால் பிரே எண்ணை ஒதுக்கிவிடலாம்.

செம்மண்:
அக்கா, எனக்கு இதன் மறுபக்கம். என் நிலம் பி.எச் 5.2. எனக்கு எப்போதும் ஓல்சன் முறையில்தான் தருகிறார்கள். அது பயனற்றதா?

சோதனைக்குழாய்:
பயனற்றது என்று சொல்லமாட்டேன். இரும்பு, அலுமினியத்தின் மேற்பரப்பில் ஒட்டியிருப்பதையும் பைகார்பனேட் ஓரளவு பெயர்த்து எடுக்கும். அமில மண்ணிலும் ஓல்சன் எண்ணுக்கும் பயிர் விளைச்சலுக்கும் தொடர்பு காட்டிய ஆய்வுகள் உண்டு. ஆனால் ஒன்று: பாறை பாஸ்பேட் (அரைத்த பாஸ்பேட் பாறை உரம்) போட்ட நிலமா?

செம்மண்:
ஆமாம், மூன்று வருடமாகப் போடுகிறேன்.

சோதனைக்குழாய்:
அங்கேதான் கவனம் வேண்டும். பாறை பாஸ்பேட்டை ஓல்சன் கரைசல் கிட்டத்தட்டத் தொடாது. உங்கள் அமில மண்ணோ அதைக் கரைத்துப் பயிருக்குக் கொடுத்துக்கொண்டிருக்கும். ஆக, எண் உண்மையைவிடக் குறைவாகத் தெரியும். பிரே முறையின் அமிலமோ பாறைத் துகளில் கொஞ்சத்தைக் கரைத்து எண்ணைக் குழப்பலாம். பாறை பாஸ்பேட் போட்டதை மாதிரிப் பையிலேயே எழுதி அனுப்புங்கள்.

தூயநீர்:
இந்தக் குழப்பத்துக்கெல்லாம் மருந்தாகத்தான் 1984-இல் மெலிக் தன் மூன்றாவது கரைசலை வெளியிட்டார். 0.2 நார்மல் அசிட்டிக் அமிலம், 0.25 நார்மல் அமோனியம் நைட்ரேட், 0.015 நார்மல் அமோனியம் ஃபுளோரைடு, 0.013 நார்மல் நைட்ரிக் அமிலம், 0.001 மோலார் ஈ.டி.டி.ஏ (உலோகங்களைப் பிடித்துக்கொள்ளும் பொருள்). ஐந்து நிமிடம் குலுக்கினால் மணிச்சத்து, சாம்பல் சத்து, கால்சியம், மக்னீசியம், துத்தநாகம், தாமிரம், மாங்கனீசு எல்லாம் ஒரே வடிநீரில். ஐ.சி.பி கருவியில் (மாதிரியைக் கடும் சூட்டில் ஒளிரவைத்துத் தனிமங்களை அளப்பது) ஒரே மூச்சில் படித்துவிடலாம். எங்கள் ஆய்வகத்தில் இதற்கு மாறிய பிறகு ஒரு நாளைக்குச் சோதிக்கும் மாதிரிகள் மூன்று மடங்காகிவிட்டன. அக்கா போட்ட கணக்கையே இங்கேயும் போடலாம்: அசிட்டிக் அமிலம் மட்டுமே கிராமுக்கு 2 மில்லி சமானம். 10 சதவீதச் சுண்ணாம்பு வரை ஈடுகொடுக்க அமிலம் இருக்கிறது.

சோதனைக்குழாய்:
கணக்கு சரி தம்பி. ஆனால் அமிலம் தீரும் வரைக்கும் அது அதே அமிலம் அல்ல. தொடக்கத்தில் பி.எச் 2.5 இருந்த கரைசல் சுண்ணாம்பு மண்ணில் மேலே மேலே ஏறிப்போகும். 2 சதவீதச் சுண்ணாம்புள்ள மண்ணையும் 8 சதவீதமுள்ள மண்ணையும் ஒரே கரைசலால் சோதித்தேன் என்று நினைப்போம். உண்மையில் இரண்டு வேறு கரைசல்கள் வேலை செய்திருக்கும்.

இன்னொன்று. ஓல்சனிலும் பிரேயிலும் நிறம் பார்த்துப் படிப்பதுதான் வழக்கம். மர்ஃபியும் ரைலியும் 1962-இல் கொடுத்த முறை: மாலிப்டேட், ஆன்டிமனி, அஸ்கார்பிக் அமிலம் சேர்த்தால் நீலம் வரும், 880 நானோமீட்டரை ஒட்டிப் படிக்கிறோம். அந்த நீலம் ஆர்த்தோபாஸ்பேட்டுக்கு (கரைந்திருக்கும் எளிய கனிமப் பாஸ்பேட்) மட்டும்தான் வரும். ஐ.சி.பி சுடருக்குக் கரிமப் பாஸ்பரஸ், கனிமப் பாஸ்பரஸ் என்ற பேதம் தெரியாது. எல்லாவற்றையும் சேர்த்து எண்ணிவிடும். ஒரே வடிநீரை இரண்டு கருவியில் படித்தாலே இரண்டு எண் வரும்.

தூயநீர்:
ஒப்புக்கொள்கிறேன். நாங்கள் அறிக்கையில் "மெலிக் 3, ஐ.சி.பி" என்று இரண்டையும் சேர்த்தே போடுகிறோம். பழைய ஓல்சன் அட்டவணையை வைத்து அந்த எண்ணைப் படிக்கவேண்டாம் என்றும் எழுதுகிறோம்.

இளவேர்:
அப்படியென்றால் எந்தக் கரைசல் உண்மையான "கிடைக்கும் மணிச்சத்தை" அளக்கிறது? வகுப்பில் எல்லா முறையையும் படித்தோம், இந்தக் கேள்விக்கு மட்டும் பதில் வரவில்லை.

மேழி:
எதுவும் அளப்பதில்லை. நான் ஆய்வகத்துக்காரன் அல்ல, வயலில் உரச் சோதனைத் திடல்கள் போட்டே காலம் கழித்தவன். 1894-இல் டயர் என்பவர் 1 சதவீத சிட்ரிக் அமிலத்தை எடுத்தார். வேர்ச்சாற்றின் அமிலத்தன்மையை ஒத்திருக்கும் என்பது அவர் எண்ணம். அன்று முதல் வேரைப் போல நடிக்கும் கரைசலைத் தேடுகிறோம். வேர் பருவம் முழுக்க நடந்து நடந்து உண்கிறது, சாறு விடுகிறது, பூஞ்சையோடு கூட்டுச் சேர்கிறது. குடுவையில் அரை மணி நேரம் குலுக்குவது அதற்கு ஈடாகாது.

அதனால் 14 பிபிஎம் என்றால் உங்கள் மண்ணில் கிலோவுக்கு 14 மில்லிகிராம் மணிச்சத்து பயிருக்காகக் காத்திருக்கிறது என்று பொருளல்ல. 14 என்பது ஒரு குறியீடு. "ஓல்சன் எண் 14 வரும் மண்களில் மணிச்சத்து உரம் போட்டால் விளைச்சல் கூடுகிறதா?" என்று பல வயல்களில், பல பருவங்களில் திடல் போட்டுப் பார்த்து வைத்திருக்கிறார்கள். அந்தத் திடல்கள்தான் எண்ணுக்கு உயிர் கொடுப்பவை. கேட்டும் நெல்சனும் ஒரு எளிய வழி சொன்னார்கள்: கிடைமட்டத்தில் மண் சோதனை எண், செங்குத்தில் உரமில்லாத் திடலின் விளைச்சல் சதவீதம். புள்ளிகளை இட்டு, மேலே ஒரு சிலுவைக் கோட்டை நகர்த்தி, எதிரெதிர் இரண்டு கட்டங்களில் புள்ளிகள் மிகக் குறைவாக விழும் இடத்தில் நிறுத்தவேண்டும். செங்குத்துக் கோடு எங்கே நிற்கிறதோ அதுதான் வரம்பு எண். அதற்குக் கீழே உரத்துக்குப் பயிர் பதில் சொல்லும், மேலே பெரும்பாலும் சொல்லாது.

தானியப் பயிர்களுக்கு ஓல்சனில் அந்த வரம்பு 10-ஐ ஒட்டி நிற்பதும், பிரேயில் 20-ஐ நெருங்கி நிற்பதும் வழக்கம். பயிரும் மண்ணும் மாறினால் இதுவும் நகரும். ஒரு முறையின் எண்ணை இன்னொரு முறையின் வரம்போடு ஒப்பிடுவது, படியால் அளந்த நெல்லை முழக்கோலால் சரிபார்ப்பது போல.

இளவேர்:
இது மனத்தில் நன்றாகப் பதிந்துவிட்டது, மேழி ஐயா. நன்றி.

வரப்போரம்:
அமிலம் சொட்டிப் பார்த்தேன். பொங்கிவிட்டது. அக்கா சொன்னது சரிதான்.

இப்போது இன்னொரு சந்தேகம். ஓல்சன் செய்த ஆய்வகத்துக்கே அதே மண்ணை மறுபடி கொடுத்தால் 14 தான் வருமா?

சோதனைக்குழாய்:
14.0 வராது. 13-ம் வரலாம், 15-ம் வரலாம், அது நல்ல ஆய்வகம்தான். 9 வந்தால் கேள்வி கேட்கலாம். ஓல்சன் முறை எங்கெங்கே வழுக்கும் என்று சொல்கிறேன்.

கரைசலின் பி.எச் 8.5-இல் நிற்காது. திறந்து வைத்தால் கரியமில வாயு வெளியேறி மேலே ஏறும். ஒவ்வொரு நாளும் பார்த்துச் சரிசெய்யவேண்டும். நாங்கள் வாரக்கணக்கில் வைப்பதில்லை.

வெப்பநிலை. இதைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். 20-இலிருந்து 30 டிகிரிக்குள் ஒவ்வொரு டிகிரிக்கும் எண் 0.4 பிபிஎம் போல ஏறுகிறது என்று ஓல்சனே பார்த்திருக்கிறார். குளிரூட்டாத அறையில் காலையில் குலுக்கிய மண்ணுக்கும் நண்பகலில் குலுக்கிய மண்ணுக்கும் 4 பிபிஎம் வரை வித்தியாசம் வரலாம். வரம்பே 10 என்னும்போது 4 என்பது சின்ன விஷயமா?

குலுக்கியின் வேகம். குடுவையின் வடிவம். மெதுவாக ஆடினால் மண் அடியில் படிந்தே கிடக்கும்.

பிறகு கரித்தூள். பைகார்பனேட் மண்ணின் கரிமப் பொருளையும் கரைத்து வடிநீரை மஞ்சளாக்கிவிடும். அந்த நிறத்தை நீக்கக் கரித்தூள் சேர்ப்பார்கள். அந்தக் கரித்தூளிலேயே மணிச்சத்து இருக்கும்! அதைக் கழுவிச் சுத்தம் செய்யவில்லை என்றால் எல்லா மாதிரியும் உயரும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வாரம் முழுக்க என் எண்கள் எல்லாமே உயர்ந்து நின்றன. காரணம் தெரியாமல் தவித்தேன். புதிதாகத் திறந்த கரித்தூள் டப்பா. மண்ணே சேர்க்காத வெற்றுக் கரைசலை அன்றன்றைக்கு ஓட்டியிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். அந்த வாரத்து மாதிரிகள் அத்தனையையும் திரும்பச் செய்தேன். அன்றிலிருந்து வெற்றுக் கரைசல் இல்லாமல் ஒரு தொகுதியைக்கூடத் தொடங்கியதில்லை.

தூயநீர்:
வெற்றுக் கரைசலோடு, எண் தெரிந்த ஒப்பீட்டு மண்ணையும் ஒவ்வொரு தொகுதியிலும் வைக்கவேண்டும். எங்களிடம் ஒரு பெரிய டப்பா மண் இருக்கிறது, இரண்டு வருடமாக அதையே ஓட்டுகிறோம். அதன் எண் ஒரு நாள் விலகினால் அன்றைய முடிவுகள் வெளியே போகாது. உலக உணவு வேளாண் அமைப்பு 2017-இல் தொடங்கிய குளோசோலன் என்ற மண் ஆய்வகக் கூட்டமைப்பு, எல்லா நாட்டு ஆய்வகங்களும் ஒரே செய்முறையைப் பின்பற்றுவதற்கான ஆவணங்களை வெளியிட்டுவருகிறது. ஓல்சனுக்கும் அதில் செய்முறை உண்டு.

செம்மண்:
நுண்ணூட்டத்திலும் இந்த மாதிரி வழுக்கல் உண்டா? எனக்குத் துத்தநாகம் போன வருடம் 0.5, இந்த வருடம் 3.1. இடையில் நான் எதுவுமே போடவில்லை.

சோதனைக்குழாய்:
மண்ணை எதில் எடுத்தீர்கள்?

செம்மண்:
இந்த முறை வாளியில் போட்டுக் கலந்தேன். துத்தநாகப் பூச்சுப் போட்ட இரும்பு வாளி.

சோதனைக்குழாய்:
வாளிதான். துத்தநாகத்துக்கு லின்ட்சேயும் நார்வெல்லும் 1978-இல் வெளியிட்ட டி.டி.பி.ஏ (ஈ.டி.டி.ஏ போல உலோகத்தைப் பிடிப்பது) முறை: 0.005 மோலார் டி.டி.பி.ஏ, 0.01 மோலார் கால்சியம் குளோரைடு, 0.1 மோலார் ட்ரைஎத்தனால் அமீன், பி.எச் 7.3, பத்து கிராம் மண்ணுக்கு 20 மி.லி., இரண்டு மணி நேரக் குலுக்கல். நாம் தேடுவது கிலோவுக்கு ஒரு மில்லிகிராமுக்கும் குறைவான துத்தநாகத்தை. வாளியிலிருந்து உரிந்த ஒரு துகள் போதும், எண் எங்கேயோ போய்விடும். பித்தளைச் சல்லடை தாமிரத்தையும் துத்தநாகத்தையும் ஏற்றும். ரப்பர் மூடியில் துத்தநாகம் உண்டு. இரும்பு உரலில் இடித்தால் இரும்புச்சத்து ஏறும். பிளாஸ்டிக் வாளி, மரக்கட்டை, நைலான் சல்லடை, இவை மட்டும் போதும்.

போரானுக்கு இதே கதை கண்ணாடியில். வெந்நீரில் கொதிக்கவைத்து எடுத்து அசோமீத்தின்-ஹெச் என்ற நிறம் தரும் பொருளைச் சேர்த்து 420 நானோமீட்டரில் பார்க்கிறோம். ஆய்வகத்தில் கைக்கு எட்டும் குடுவை எல்லாம் போரோசிலிகேட். பெயரிலேயே போரான் இருக்கிறது.

இளவேர்:
தழைச்சத்து (நைட்ரஜன்) பற்றி யாரும் பேசவில்லையே?

மேழி:
பேசினால் விடியாது.

சோதனைக்குழாய்:
சுருக்கமாகச் சொல்கிறேன். கெல்டால் 1883-இல் கொடுத்த முறை மொத்தத் தழைச்சத்தைச் சொல்லும். அதில் ஒரு பருவத்தில் பயிருக்கு வருவது சில சதவீதம்தான். சுப்பையாவும் ஆசிஜாவும் 1956-இல் கொடுத்த கார பெர்மாங்கனேட் முறை, எளிதில் சிதையும் கரிமத் தழைச்சத்தை அம்மோனியாவாக்கி வடித்துத் தருகிறது. ஆனால் நைட்ரேட் அதில் வராது. நைட்ரேட்டை 2 மோலார் பொட்டாசியம் குளோரைடில் தனியே எடுக்கலாம். அந்த எண்ணோ ஒரு நல்ல மழைக்குப் பிறகு மாறிவிடும். ஈர மண்ணைப் பையில் கட்டி இரண்டு நாள் வெயிலில் வைத்தாலும் நுண்ணுயிர்கள் பைக்குள்ளேயே வேலை பார்த்து எண்ணை ஏற்றிவிடும். நைட்ரேட் வேண்டுமென்றால் குளிரில் வைத்து உடனே கொண்டு வாருங்கள்.

அங்ககக் கரிமத்தைப் பார்த்துத் தழைச்சத்தை ஊகிக்கும் ஆய்வகங்களும் உண்டு. அதற்கு வாக்லி பிளாக் முறை, 1934. டைக்ரோமேட்டும் அடர் கந்தக அமிலமும் கலக்கும் சூட்டிலேயே கரிமம் எரிகிறது. எல்லாம் எரிவதில்லை, சராசரியாக 77 சதவீதம் என்று கொண்டு 1.3-ஆல் பெருக்குகிறார்கள். அந்த 77 எல்லா மண்ணுக்கும் பொருந்தாது. உப்பு மண்ணில் குளோரைடும் டைக்ரோமேட்டைத் தின்று கரிமத்தைக் கூட்டிக் காட்டும். டைக்ரோமேட் புற்றுநோய் தரக்கூடியது என்பதை மாணவர்கள் மறக்கவேண்டாம், இளவேர். கையுறை இல்லாமல் தொடாதே. கழிவைத் தொட்டியில் ஊற்றாதே.

தூயநீர்:
வரப்போரம், உங்களைப் போலச் சுண்ணாம்பு மண் உள்ளவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. உலர் எரிப்புக் கருவியில் கரிமம் பார்த்தால் சுண்ணாம்பில் உள்ள கரிமமும் சேர்ந்து வந்துவிடும். முதலில் அமிலம் விட்டுச் சுண்ணாம்பைப் போக்கினார்களா, அல்லது தனியே அளந்து கழித்தார்களா என்று கேளுங்கள். வாக்லி பிளாக்கில் இந்தத் தொல்லை இல்லை.

மேழி:
ஆய்வகத்தையே திருத்திக்கொண்டிருக்கிறோம். மாதிரி எடுப்பவரையும் கொஞ்சம் பார்ப்போம். ஒரு எக்டேரில் 15 செ.மீ. ஆழம் வரை உள்ள மண் சுமார் 22.5 லட்சம் கிலோ. ஓல்சனுக்குத் தராசில் நிறுப்பது 2.5 கிராம். தொண்ணூறு கோடியில் ஒரு பங்கு. எருக்குழி ஓரத்தில், வரப்படியில், மர நிழலில், உரம் போட்ட சாலில் எடுத்த ஒரே ஒரு பிடி மண் கலந்திருந்தால் எவ்வளவு நல்ல கருவியும் அந்தத் தவறைத்தான் துல்லியமாக அளந்து கொடுக்கும்.

பிபிஎம்-ஐ எக்டேருக்குக் கிலோவாக மாற்ற 2.24-ஆல் பெருக்குகிறார்களே, அதுவும் கிட்டத்தட்ட இதே எடைக் கணக்கிலிருந்து (22.4 லட்சம் கிலோ) வந்ததுதான். மண் இலேசாக இருந்தாலோ, மாதிரி 20 செ.மீ. ஆழத்தில் எடுத்திருந்தாலோ அந்தப் பெருக்கல் பொருந்தாது. அறிக்கையில் மணிச்சத்து பாஸ்பரஸாகவா, பாஸ்பரஸ் பென்டாக்சைடாகவா என்றும் பாருங்கள். இரண்டுக்கும் 2.29 மடங்கு வித்தியாசம். உர மூட்டையில் ஒன்று, மண் அறிக்கையில் இன்னொன்று இருக்கும்.

வரப்போரம்:
பத்து நாள் கழித்து வருகிறேன். மீதி மண்ணை மறுபடி கலந்து, பிரே செய்த அதே ஆய்வகத்துக்கு எடுத்துப் போனேன். பி.எச் 8.2 மண்ணுக்கு ஓல்சன் முறையில் செய்து தரமுடியுமா என்று கேட்டேன். மேசையில் இருந்த அம்மா தாளைப் பார்த்ததும், "இதை முதலிலேயே பி.எச் பார்த்துப் பிரித்திருக்கவேண்டும்" என்று சொல்லி வாங்கிக்கொண்டார். இன்று முடிவு வந்தது: 12.6. இரண்டாவது ஆய்வகத்தின் 14-க்குப் பக்கத்தில்தான்.

தாளில் முறை, விகிதம், குலுக்கிய நேரம் மூன்றையும் கையால் எழுதித் தந்திருக்கிறார். வெற்றுக் கரைசல் பற்றிக் கேட்டேன், அந்தத் தொகுதியின் பதிவேட்டையே திருப்பிக் காட்டினார்.

அடியுரத்தில் மணிச்சத்தைப் பாதியாகக் குறைக்கிறேன். ஒரு மூலையில் முழு அளவும், இன்னொரு மூலையில் இல்லாமலும் இரண்டு பாத்தி விட்டுப் பார்க்கப்போகிறேன்.

மேழி:
அந்த இரண்டு பாத்தியின் விளைச்சலையும் தனித்தனியே நிறுத்து இங்கே போடுங்கள். பாத்தி ஓரத்து வரிசைகளைக் கணக்கில் சேர்க்கவேண்டாம்.

வரப்போரம்:
கட்டாயம், ஐயா. கடைசியாக ஒன்று: மீதியுள்ள அரைக் கிலோ மண்ணை அடுத்த வருடம் பெயர் போடாமல் உள்ளே நுழைத்து ஆய்வகத்தைச் சரிபார்க்க வைத்துக்கொள்ளலாமா?

சோதனைக்குழாய்:
தாராளமாக. நன்றாக உலர்த்தி, 2 மி.மீ. சல்லடையில் சலித்து, பிளாஸ்டிக் டப்பாவில் இறுக மூடி, ஈரமும் வெயிலும் படாத இடத்தில் வையுங்கள். மணிச்சத்துக்கும் பி.எச்சுக்கும் ஒரு வருடம் தாங்கும். சாம்பல் சத்து உலரும்போதே கொஞ்சம் ஏறும் அல்லது இறங்கும், பிறகு நிலைத்துவிடும். நைட்ரேட்டுக்கு மட்டும் அந்த டப்பாவைத் தொடாதீர்கள். மூடியின் மேல் தேதியும் இந்த மூன்று எண்ணும், எந்த எண் எந்த முறை என்பதும் எழுதி ஒட்டுங்கள்.